இறுக்கி மூடிய குப்பி

காலை 9.25.

இதயச் செல்கள் மருந்தை மதிக்கவில்லை என்பது அந்த நிமிடத்தில் உறுதியாயிற்று.

வட்டக் கண்ணாடித் தட்டில், மிளகில் பாதிகூடத் தேறாத ஒரு செல்கூட்டம். உருப்பெருக்கிக்கு அடியில் அது தன் பாட்டுக்குச் சுருங்கி விரிந்து துடித்துக்கொண்டிருந்தது. மருந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு துடிப்புக்கும் திரையில் எழுந்து இறங்கும் கோடு இந்நேரம் நீண்டிருக்க வேண்டும். அதுவோ நேற்று எப்படி இருந்ததோ அப்படியே, மாமனார் பேச்சைக் கேட்காத மருமகன் மாதிரி, ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கலாம் சார்," என்றாள் குருவி.

"அஞ்சு வருஷம்கூட பார்க்கலாம். அது நீளப்போறதில்ல," என்றார் அவள் ஆய்வைச் சோதிக்க வந்திருந்த தேர்வாளர்.

குருவி என்பது ஆய்வகத்தார் வைத்த பெயர். ஆள் அத்தனை சிறிசு. நடக்கும்போது துள்ளுவாள். ஒரு நாளைக்கு இரண்டு பிஸ்கட்டில் உயிர் வாழ்வாள். முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாக ஒரே ஒரு மருந்தைக் கட்டிக்கொண்டு அழுதவள். மருந்தின் உண்மையான பெயர் ஒரு எழுத்தும் நாலு எண்ணும் சேர்ந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும் என்பதால் எல்லோரும் அதைத் 'தாழ்ப்பாள்' என்றார்கள். வேலையும் அதுதான். இதயச் செல் ஒருமுறை துடித்து ஓய வேண்டுமானால் உள்ளேயிருக்கும் பொட்டாசியம் தனக்குரிய வாசல் வழியே வெளியேற வேண்டும். சினிமாக் கொட்டகையில் ஒரு காட்சிக் கூட்டம் வெளியே போனால்தானே அடுத்த காட்சி? தாழ்ப்பாள் அந்த வாசலை அடைத்துவிடும். உள்ளே நெருக்கியடிக்கும், துடிப்பு ஓயத் தாமதமாகும், திரையில் கோடு நீளும். எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு நீளம் என்று குருவி அளந்து வைத்த வரைபடங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன.

அந்தப் பெட்டியைத்தான் தேர்வாளர் இப்போது சந்தேகமாகப் பார்த்தார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அளவுகோல் இருக்கும். தன் பிள்ளைகளின் சிரிப்பையே அதை வைத்து அளந்தவர் என்று கேள்வி.

"மூணு வருஷமா வேலை செஞ்ச மருந்து, நான் வந்து உட்கார்ந்த அன்னைக்கு மட்டும் வேலை செய்யலையா? அப்போ இந்த வரைபடம் எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

குருவி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் கண்ணாடி துடைப்பார். துக்கம் வந்தாலும் துடைப்பார்.

"பன்னிரண்டு மணிக்கு அறிக்கை எழுதிடுவேன்," என்றார் தேர்வாளர். "அதுக்குள்ள விளக்கம் வந்தா சரி. வரலைன்னா, எல்லாம் கைச்சரக்குன்னுதான் எழுதணும்."

அப்படி எழுதினால் பட்டம் போயிற்று. பட்டம் மட்டுமா? வேறு எந்த ஆய்வகத்திலும் குருவிக்குக் கதவு திறக்காது.

வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் குழாயக்கா. இருபத்தாறு வருடமாக அந்த ஆய்வகத்தின் கண்ணாடிச் சாமான் முழுவதையும் கழுவுகிறவள். சோப்புப் போட்டால் செல்கள் செத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் சுத்த நீரில் ஏழு தரம் அலசுவாள். எட்டாவது தரம் அலசினால் கண்ணாடியே கரைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். அன்றைக்கு அவளுக்குக் கடும் ஜலதோஷம் வேறு. காலையில் அவள் போட்ட ஒரு தும்மலில் அடுத்த அறைத் தராசு இரண்டு மில்லிகிராம் ஏறி, மத்தியானம்தான் இறங்கியது.

"அம்மா," என்றாள் குழாயக்கா பேராசிரியையிடம். "நான் ரெண்டு வார்த்தை கேக்கலாமா?"

"கேளுங்க குழாயக்கா. நம்மகிட்ட இப்போ கேள்விதான் குறைச்சல்."

காலை 9.40.

"குப்பி எங்கே இருந்துச்சு குருவி?"

"ஃப்ரிட்ஜ்ல. பூட்டின ஃப்ரிட்ஜ்."

"சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. அம்மாகிட்ட ஒண்ணு. மெக்கானிக் சார்கிட்ட ஒண்ணு."

"அவன்கிட்ட எதுக்கு?"

"ஃப்ரிட்ஜ் சரியில்லைன்னு நான்தான் புகார் கொடுத்தேன் அக்கா. மருந்து கரைச்சிருக்கிற கரைப்பான் பதினெட்டு டிகிரிக்குக் கீழே போனாலே கல்லாயிடும். முன்னாடி எல்லாம் காலையில எடுத்து, பத்து நிமிஷம் கைக்குள்ள பொத்தி உருக்குவேன். விரல் மரத்துப் போயிடும். மூணு வாரமா எடுக்கும்போதே உருகிக் கிடக்கு. ஃப்ரிட்ஜ்ல குளிர்ச்சி போயிடுச்சுன்னு நினைச்சேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ரெண்டு தரம் வந்து பார்த்தாரு. 'நாலு டிகிரி காட்டுது, எல்லாம் நல்லாருக்கு'ன்னுட்டுப் போயிட்டாரு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் உருகித்தான் இருந்துச்சு. ஆனா திறக்கத்தான் முடியல. சாரும் கைக்குட்டை வெச்சு முறுக்கிப் பார்த்தாரு. கடைசியில நீங்கதானே அக்கா வந்து திறந்து கொடுத்தீங்க?"

உண்மைதான். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு, கட்டைவிரல் பருமன் குப்பியோடு மூன்று படித்தவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தேநீர் கொண்டுவந்த குழாயக்கா அதை வாங்கி ஒரே முறுக்கில் திறந்து கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தினசரிப் பழக்கம்.

"கடைசிக் குப்பியா இது?"

"இதேதான். செஞ்சு கொடுக்கிறவங்ககிட்டயிருந்து அடுத்தது வர மூணு மாசம் ஆகும்."

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழாயக்கா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நிறமில்லாத திரவம், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஒட்டியிருந்த சீட்டில் குருவியின் பொடிக் கையெழுத்து. கடைசி வரி மட்டும் மை கலைந்து நீலமாகப் பரவியிருந்தது.

"இது எப்போ கலைஞ்சுது?"

"தெரியல அக்கா. நேத்து நல்லாருந்துச்சு."

"சரி," என்று சொல்லிவிட்டு, குழாயக்கா ஒரு தும்மல் போட்டாள். தேர்வாளர் அறிக்கைத் தாளைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

காலை 10.05.

யோசிக்க வேண்டுமென்றால் குழாயக்காவுக்குத் தண்ணீர் ஓட வேண்டும். தன் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தொட்டிக்கு மேலே சுவரில், அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒட்டிய அறிவிப்பு. 'கரைப்பானை வெறுங்கையால் தொடாதீர்கள். தோல் வழியே நொடியில் உடலுக்குள் புகும். தன்னில் கரைந்ததையும் கூடவே கொண்டுபோகும். புகுந்தால்—' அதற்குக் கீழே இருந்த வரியை இருபத்தாறு வருட நீராவி தின்றுவிட்டது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. அறிவிப்புகளை எழுதுகிறவர்கள்கூட அவற்றைப் படிப்பதில்லை.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். தோளில் ஏணியோடு மெக்கானிக் இறங்கி வந்தான். முப்பத்தைந்து வயது. தேக்கு மரத்தில் கை, பஞ்சில் மனசு. குழாயக்காவின் கணவருக்கு உடன்பிறந்த தம்பி. அவள் வீட்டு மாடி அறையில்தான் வாசம். எட்டு வருடமாக அவனுக்குப் பெண் பார்த்துப் பார்த்து, அந்த ஊரில் யார் வீட்டில் எத்தனை நாற்காலி இருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

"அண்ணி, ஒரு டீ."

"வா தம்பி. உனக்கென்ன, டீ கேப்பே. வீட்டுல இன்னைக்கு ஜாடியோட மல்லுக்கட்ட நேரமில்லாம நான் சர்க்கரை இல்லாமக் குடிச்சேன். ராத்திரி சர்க்கரை ஜாடியை மூடினது நீதானே?"

"எறும்பு வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எறும்பு வரக்கூடாதுன்னேன். மனுஷனும் வரக்கூடாதுன்னா சொன்னேன்?"

அவன் மூடிய ஜாடிகளுக்கு ஒரு சரித்திரமே உண்டு. ஒருமுறை அவன் வெளியூர் போயிருந்தபோது, அவன் மூடிய ஜாடியோடு அக்கம்பக்கத்தார் அரைநாள் போராடி, கடைசியில் தீயணைப்பு வண்டியையே வரவழைத்தார்கள். வந்த நான்கு பேரும் முறைவைத்து முறுக்கிப் பார்த்துவிட்டு, சர்க்கரையில்லாத தேநீரைக் குடித்துவிட்டு மணியடிக்காமல் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகுதான் குழாயக்கா அந்தக் கலையைத் தானே கற்றுக்கொண்டாள்.

அவன் ஒரு வாய் குடித்தான். முகத்தைச் சுளித்தான்.

"என்ன அண்ணி, டீயில பூண்டு தட்டிப் போட்டிருக்கீங்க?"

"என்னது?"

"பூண்டு வாடை. சத்தியமா."

குழாயக்காவின் வாழ்நாளில் அவள் தேநீரை யாரும் அப்படிப் பழித்ததில்லை. டம்ளரை வாங்கி முகர்ந்தாள். அடைத்த மூக்குக்கு என்ன தெரியும்?

"ஜலதோஷத்துக்கு வீட்டுல பூண்டு உரிச்சீங்களோ என்னமோ. கையைக் கழுவாம..."

"டேய், ஏழு தரம் அலசுற கைடா இது!"

"கோவிச்சுக்காதீங்க. காலையிலேர்ந்து எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு," என்று உள்ளங்கையைச் சொறிந்துகொண்டான். கை சிவந்திருந்தது. "இங்க அரிச்சா பணம் வருமாமே? நெஞ்சும் படபடன்னு இருக்கு. சம்பளம்தான் ஏறப்போகுதோ என்னமோ." ஏணியைத் தூக்கினான். "மூணாம் மாடியில புகைபோக்கி ஃபேன் நின்னுபோச்சு. மாட்டிட்டு வந்துடறேன்."

"அங்க என்ன நடக்குதுன்னு கேள்விப்பட்டியா? குருவியோட மருந்து வேலை செய்யலையாம். பட்டமே போயிடும்போல."

ஏணி சுவரில் இடித்தது. "வேலையே செய்யலையா? கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட."

அவன் படியேறிப் போனான். மேலே போகப் போக அவன் நடை மெதுவாகிக்கொண்டே போனது.

காலை 10.25.

தேநீர் மானம் பெரிது. குழாயக்கா நேரே தேர்வாளரிடம் போனாள்.

"சார், என் டீயில ஏதாவது வாசனை வந்துச்சுங்களா?"

"ஏலக்காய்."

"பூண்டு?"

"பூண்டா? ரெண்டு டம்ளர் குடிச்சேன். இன்னொண்ணு கேக்கலாமான்னு யோசிச்சுட்டிருக்கேன்."

பேராசிரியையும் அதையே சொன்னார். ஒரே பாத்திரம், ஒரே தேநீர், ஒருவன் வாயில் மட்டும் பூண்டு. அவளுக்கு எங்கோ ஒரு மூலையில் ஏதோ நெருடியது. ஆனால் ஜலதோஷத்தில் மண்டைக்குள் எல்லாமே பஞ்சுப்பொதியாக இருந்தது.

"குருவி, அந்த ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் திற."

திறந்தாள். பக்கத்துத் தட்டில், அதே கரைப்பானில் கரைத்த வேறொரு மருந்தின் குப்பி. குழாயக்கா அதைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது அசையவில்லை, கல்.

"குளிர்ச்சி போன ஃப்ரிட்ஜ்ல இது மட்டும் எப்படிம்மா கல்லா இருக்கு?"

குருவி அதை வாங்கித் தானும் கவிழ்த்துப் பார்த்தாள். மூன்று வாரமாக அந்தப் பக்கத்துக் குப்பியை அவள் தொடவே இல்லை.

"யாராவது வெளிய எடுத்து உருக்கியிருப்பாங்க," என்றார் தேர்வாளர். "அதுல என்ன?"

"அதையும் பார்த்துடுவோம் சார்." குழாயக்கா ஒரு வாளி ஐஸ் கொண்டுவந்தாள். தாழ்ப்பாள் குப்பியை அதில் கழுத்துவரை புதைத்தாள். பத்து நிமிடம் நாலு பேரும் ஒரு வாளியைச் சுற்றி, குழந்தை தூங்குகிறதா என்று பார்ப்பவர்கள் மாதிரி நின்றார்கள். பிறகு எடுத்தாள். சாய்த்தாள். உள்ளே திரவம் சமர்த்தாக வழிந்து ஓடியது.

"பதினெட்டு டிகிரியில கல்லாகிற சரக்கு, ஐஸ்லயும் உறையலை. ஐஸ்ல வெச்சாலும் உறையாதது எது சார்?"

தேர்வாளர் மெதுவாகச் சொன்னார்: "தண்ணி."

"தண்ணிதான். மிஞ்சினா, அடியில ஒட்டியிருந்த துளி மருந்து. பிள்ளை மேல தப்பில்லை. யாரோ மாத்தியிருக்காங்க."

"திருட்டா?" என்றார் பேராசிரியை.

"திருடலைம்மா. சிந்தியிருக்கு. இந்தச் சீட்டு மையைப் பாருங்க. இருபத்தாறு வருஷமா தேய்க்கிறேன், இந்தப் பேனா மை தண்ணிக்கு அசையாது. ஒண்ணு ஸ்பிரிட், இல்லாட்டி இந்தக் கரைப்பான். ரெண்டுக்குத்தான் கலையும். மூடி தளர்ந்து, மருந்து வெளிய வழிஞ்சிருக்கு. வழிஞ்சதும் பயந்துபோய், தண்ணியை ஊத்தி, இனிமே ஒரு சொட்டும் வெளிய வரக்கூடாதுன்னு மூடியை இறுக்கி..."

அவள் கையில் மூடி இருந்தது. வாய் பாதியில் நின்றது.

படித்த மூன்று பேர் சேர்ந்தும் திறக்க முடியாத மூடி. அவள் கை மட்டும் அதைத் தெரிந்த மாதிரி திறந்தது. ஏன் தெரிந்தது? தினமும் காலையில் அடுப்படியில் நின்று அதே முறுக்கைத்தானே பிரிக்கிறாள்?

அவள் மனசுக்குள் ஒரு நொடி பெரிய வழக்கு நடந்தது. சொன்னால் கொழுந்தன் வேலை போகும். சொல்லாவிட்டால் குருவியின் மூன்று வருடம் போகும். இப்படியா அப்படியா என்று இருக்கும்போதே மூன்றாவதாக ஒன்று உள்ளே வந்து, மற்ற இரண்டையும் கீழே தள்ளியது.

பூண்டு.

நீராவி தின்ற அந்தக் கடைசி வரி, இருபத்தாறு வருடத்துக்கு முன் படித்தது, அச்சுப் பிசகாமல் கண்முன் வந்தது. 'புகுந்தால், சற்று நேரத்தில் வாயில் பூண்டு மணக்கும்.'

"அம்மா!" குழாயக்கா போட்ட சத்தத்தில் செல்கள்கூட ஒரு துடிப்பைத் தவறவிட்டன. "தாழ்ப்பாள் மனுஷ உடம்புல போனா என்ன ஆகும்?"

"இதயம் தாளம் தப்பும். மயக்கம் வரும். அளவு கூடினா நின்னேகூடப் போகும். ஏன்?"

"மூணாம் மாடியில என் கொழுந்தன் ஏணி மேல நிக்கிறான்! எதிர்க் கட்டட ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு ஸ்ட்ரெச்சர் வரச் சொல்லுங்க!"

காலை 10.48.

ஐம்பத்தோரு படிகள். குழாயக்கா அவற்றில் பதினேழைத்தான் மிதித்தாள்.

மெக்கானிக் ஏணி உச்சியில் ஒரு கையால் ஃபேனைப் பிடித்திருந்தான். முகம் சுண்ணாம்பு.

"இறங்கு தம்பி."

"ரெண்டே ஸ்க்ரூ அண்ணி."

"ஸ்க்ரூ கிடக்கட்டும். பூண்டு இன்னும் மணக்குதா?"

"மணக்குது. ஆனா நான் டீயைக் குறை சொன்னதுக்கா இவ்வளவு தூரம்..."

"இறங்குடான்னா!"

அந்தக் குரலுக்கு அவன் அண்ணனே இறங்கிவிடுவார். அவன் நாலு படி இறங்கினான். ஐந்தாவதில் முழங்கால் மடிந்தது. தண்ணீர் வாளி தூக்கியே வலுவேறிய இரண்டு கைகள் கீழே தயாராக இருந்தன. தேக்குமரம் அப்படியே அண்ணியின் தோளில் சாய்ந்தது.

"அண்ணி," என்று முனகினான், "எனக்கு ஒண்ணுமில்லை. இது வேற."

"எதுன்னு டாக்டர் சொல்லட்டும். வாயை மூடு. ஜாடியை மூடற மாதிரி மூடு."

காலை 11.30.

எதிர்க் கட்டட ஆஸ்பத்திரியில், மார்பெல்லாம் ஒயரோடு மெக்கானிக் படுத்திருந்தான். கையில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னார்: "சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க. துடிப்பு முடிஞ்சு ஓயறதுக்கு ரொம்ப நேரம் எடுக்குது. நாளைக்குள்ள இறங்கிடும். ஆனா இன்னும் அரைமணி நேரம் ஏணியிலேயே இருந்திருந்தா..." மீதியை அவர் சொல்லவில்லை. குழாயக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஜலதோஷம் எவ்வளவு வசதியானது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கட்டிலைச் சுற்றிப் பேராசிரியை, தேர்வாளர், குருவி.

"சொல்லிடு தம்பி," என்றாள் குழாயக்கா. "பாதி நான் சொல்லிட்டேன். மீதி உன்னோடது."

அவன் கூரையைப் பார்த்துச் சொன்னான். "மூணு வாரம் முன்னாடி நான் தொட்டிக்கு அடியில குழாய் மாட்டிட்டு இருந்தேன். இவங்க யார்கிட்டயோ சொல்லிட்டு இருந்தாங்க, குப்பியைப் பிடிச்சுப் பிடிச்சு விரல் மரத்துப்போகுதுன்னு. அன்னைலேர்ந்து இவங்க எட்டரைக்கு வர்றதுக்குள்ள நான் எடுத்து, கைக்குள்ள வெச்சு உருக்கி, திரும்ப வெச்சுடுவேன்."

"வெறுங்கையிலயா?" என்றார் பேராசிரியை.

"கையுறை போட்டா சூடு இறங்க மாட்டேங்குதும்மா."

"நான் ஃப்ரிட்ஜ் புகார் கொடுத்தப்போ?" என்றாள் குருவி.

"நல்லாருக்குன்னு உண்மையைத்தானே சொன்னேன்? இன்னைக்கு மூடி தளர்ந்து இருந்திருக்கு. பொத்திப் பிடிச்சேன், கையெல்லாம் வழிஞ்சுடுச்சு. பார்க்கத் தண்ணி மாதிரியே இருந்துச்சா... பால்ல தண்ணி ஊத்தினா பால் பாலாத்தானே இருக்குதுன்னு, இருக்கிறதுலயே சுத்தமான தண்ணியா பார்த்து ஊத்தினேன். இவ்வளவு தூரம் போகும்னு தெரியாது. ஃபேனை மாட்டிட்டு வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்."

"மூணு வருஷ வேலை!" என்றாள் குருவி. "உடம்பு ஒரு மாதிரி ஆனப்பவாவது யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல? நெஞ்சு படபடக்கலையா உங்களுக்கு?"

"படபடத்துச்சு."

"அப்புறம்?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க காலையில கேட்டைத் தாண்டி வரும்போதே எனக்குத் தினமும் அப்படித்தாங்க. அதனால சந்தேகம் வரலை."

பேராசிரியை கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கோபமில்லை, துக்கமுமில்லை, மூன்றாவது காரணம் ஒன்று இருப்பது அன்றுதான் வெளியே வந்தது.

குருவி குனிந்தாள். முகத்தை மறைக்கக் குனிந்தவள், இதயக் கருவியிலிருந்து தொங்கிய தாளைப் பார்த்தாள். அப்படியே அதைக் கிழித்து எடுத்தாள். கண் அகலமாயிற்று.

"சார்! அளவுகோல் கொடுங்க!"

தேர்வாளர் கொடுக்கவில்லை. தானே வைத்து அளந்தார். ஒரு துடிப்பு, இரண்டு, ஆறு. குருவியின் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு வரைபடத்தைப் பக்கத்தில் விரித்தார். மறுபடி அளந்தார். முன்பு தட்டிலே கிடந்த செல்லும் இப்போது கட்டிலிலே கிடந்த மனிதனும் அதே மருந்துக்கு அதே மாதிரி நீண்டிருந்தார்கள்.

"மருந்து வேலை செய்யுது," என்றார்.

"ஒரு கைச்சரக்கும் இல்லையே சார்?" என்றாள் குழாயக்கா.

"இந்த ஒரு கையில இருந்த சரக்கைத் தவிர." தேர்வாளர் சிரித்தார். எத்தனை மில்லிமீட்டர் என்று யாரும் அளக்கவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் பரிசோதனைக்கு நான் அனுமதி கொடுத்ததா ஞாபகம் இல்லை," என்றார் பேராசிரியை மெக்கானிக்கிடம். "உன் வேலை இருக்கும். ஆனா நீ எழுந்து வந்ததும் அந்தத் தொட்டி மேல ஒரு புது அறிவிப்பு ஒட்டணும். கடைசி வரி கொட்டை எழுத்துல."

மறுநாள் காலை 7.30.

குழாயக்கா ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கில் தேநீரும், முந்தாநாள் ராத்திரி கொழுந்தன் மூடி இன்னும் திறக்காத சர்க்கரை ஜாடியும் கொண்டுபோனாள். மூக்கு திறந்துவிட்டிருந்தது. அறை வாசலிலேயே முகர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசனை, பூண்டு இல்லை.

கட்டிலருகே முக்காலியில் குருவி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மடியில் ராத்திரி முழுக்க ஓடிய தாள்.

"எல்லாம் சரியாயிடுச்சு அக்கா. நானே அளந்து பார்த்தேன். மருந்து துளிகூட இல்லை."

"கேட்டியா தம்பி?" என்றாள் குழாயக்கா. அவன் கண்ணைத் திறந்தான். முக்காலியைப் பார்த்தான். கருவி கீச்கீச்சென்று வேகமெடுத்தது. நர்ஸ் ஓடிவந்தாள்.

"என்னாச்சு? மருந்து திரும்ப வேலை செய்யுதா?"

குழாயக்கா குனிந்து அவன் முகத்தருகே மூக்கை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். நிமிர்ந்தாள்.

"இல்லை சிஸ்டர். இதுல பூண்டு வாசனை இல்லை. நீங்க போய் வேலையைப் பாருங்க."

குருவி முகம் சிவந்து, ஏதாவது செய்யவேண்டுமே என்று சர்க்கரை ஜாடியை எடுத்து மூடியைத் திருகினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துத் திருகினாள். மெக்கானிக் கை நீட்டினான். வாசலிலிருந்தே நர்ஸ் அதட்டினாள். கடைசியில் அவன் ஜாடியைச் சும்மா பிடித்துக்கொள்ள, குருவி இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துத் தொங்க, அது 'டப்'பென்று திறந்து, பாதிச் சர்க்கரை போர்வையில் கொட்டியது.

"அம்மாடி!" என்று மூச்சு வாங்கினாள் குருவி. "இதை உங்க வீட்டுல தினமும் யார் அக்கா திறக்கிறது?"

குழாயக்கா போர்வையிலிருந்து ஒரு கரண்டி சர்க்கரையை அள்ளித் தேநீரில் போட்டுக் கலக்கினாள்.

"இதுவரைக்கும் நான்தான்," என்றாள்.